நீளக் கை சுறாவுக்குப் பெயர் வைத்தவர்: யார் இந்த ஃபெலிப்பே போயே?

கப்பல் மூழ்கினால் மீட்புப் படகுக்கு முன்னால் வந்து நிற்கும் என்று மாலுமிகள் பயந்த சுறா ஒன்று உண்டு. கரையோரம் அதிகம் வராது. தீவுகளைத் தாண்டி, தரையே தட்டுப்படாத நீலக் கடல்தான் அதன் வீடு. மெதுவாக நீந்தும், அவசரமே படாது. ஆனா ஒன்றைப் பார்த்துவிட்டால் லேசில் விட்டுப் போகாது.

அந்தச் சுறாவுக்கு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அறிவியல் பெயரைக் கொடுத்தவர் ஒரு முன்னாள் வக்கீல். கியூபாவின் ஹவானா நகரத்துக்காரர். மீன் மார்க்கெட்டுக்கு வந்து விழும் மீன்களை வைத்தே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ச்சி செய்தவர். பெயர் ஃபெலிப்பே போயே.

கியூபாவில் அவர் பெயரில் மியூசியமே இருக்கிறது. மீன் ஆராய்ச்சி உலகத்தில் அவர் பெயர் தெரியாமல் கரீபியன் கடலைப் பற்றிப் பேசவே முடியாது. வெளியே சாதாரண ஆட்களுக்கு அவரைத் தெரியாது என்பது வேறு விஷயம். இத்தனைக்கும் அவர் வைத்த பெயர் ஒன்று நம்ம ஊர் கிணறு, குளம் வரைக்கும் வந்திருக்கிறது. அது என்ன என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் சுறா.

இது எந்தச் சுறா?

ஆங்கிலத்தில் ஓஷியானிக் ஒயிட்டிப் ஷார்க். தமிழில் வெண்நுனிச் சுறா என்று சொல்லலாம். அறிவியல் பெயர் கார்கரைனஸ் லாங்கிமானஸ். முதுகுத் துடுப்பு முக்கோணமாக, கூராக இருக்காது. துடுப்பு போட்ட படகின் துடுப்பு மாதிரி வட்டமாக, அகலமாக இருக்கும். நுனியில் வெள்ளைப் பெயின்ட்டில் முக்கி எடுத்தது போல ஒரு திட்டு. இரண்டு பக்கமும் விரியும் மார்புத் துடுப்புகள் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். லத்தீனில் லாங்கிமானஸ் என்றால் நீளமான கை உடையது என்று அர்த்தம். பெயரை வைத்தவர் முதலில் எதைக் கவனித்தார் என்பது பெயரிலேயே தெரிகிறது.

பெரும்பாலும் 2 முதல் 3 மீட்டர் நீளம் இருக்கும். அரிதாக 4 மீட்டரை நெருங்கும். 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். அதனால் வெப்பமண்டலக் கடல் எல்லாமே அதன் ஏரியா: கரீபியன், பசிபிக் தீவுகள், நம்முடைய இந்தியப் பெருங்கடல்.

நடுக்கடல் ஒரு வகையில் பாலைவனம். சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று சொல்லவே முடியாது. அதனால்தான் கண்ணில் பட்ட எதையும் இது விடாமல் பின்தொடரும், நெருங்கி வந்து பார்க்கும். கப்பல் விபத்துகளில் இதன் பெயர் கெட்டதும் இப்படித்தான். 1945 ஜூலை 30-ம் தேதி அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபொலிஸ் பசிபிக்கில் மூழ்கடிக்கப்பட்டது. கப்பலில் சுமார் 1,200 பேர் இருந்தார்கள். நான்கு நாளுக்கும் மேல் தண்ணீரில் தத்தளித்து, கடைசியில் உயிரோடு மீண்டது 316 பேர். தாகத்திலும் காயத்திலும் செத்தவர்கள்தான் அதிகம். ஆனாலும் சுறாக்கள் தாக்கிய கதைதான் உலகத்தின் நினைவில் நின்றது. அந்தச் சுறாக்களில் முக்கியச் சந்தேகம் இந்த வெண்நுனிச் சுறா மேல்தான்.

இந்தப் பயக் கதைகளுக்கெல்லாம் 80 ஆண்டுகளுக்கு மேல் முன்பே, இதைப் பற்றி நிதானமாக எழுதி வைத்தவர் போயே. இனி அவர் கதை.

வக்கீலுக்கு மீன் மேல் எப்படி ஆசை?

ஃபெலிப்பே போயே பிறந்தது 1799 மே 26, ஹவானாவில். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஸ்பானிய வழி வந்தவர். கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி. கரும்புத் தோட்டம், சர்க்கரை ஆலை, அதில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பு. இதுதான் அன்றைய கியூபாவின் பொருளாதாரம்.

சின்ன வயதில் சில வருடங்கள் பிரான்ஸின் போ நகரத்தில் வளர்ந்தார். அதனால் ஸ்பானிஷோடு பிரெஞ்சும் கைவந்தது. பிற்காலத்தில் இந்த இரண்டு மொழிதான் அவருக்குப் பெரிய சொத்து.

வசதியான வீட்டுப் பையன்கள் அப்போது எதைப் படிப்பார்களோ அதையே அவரும் படித்தார். சட்டம். ஸ்பெயின் போய் மாட்ரிட்டில் வக்கீல் ஆனார். அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா அரசியல் விடவில்லை. 1820-ல் ஸ்பெயினில் அரசியல் சாசனத்தை ஏற்கும்படி மன்னர் கட்டாயப்படுத்தப்பட்டார். மூன்றே வருடத்தில், பிரெஞ்சு ராணுவத்தின் துணையோடு மன்னர் ஆட்சி பழைய அதிகாரத்தோடு திரும்பியது. சுதந்திரக் கருத்து பேசியவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போனது. போயேவும் அவர்களில் ஒருவர். 1823-ல் கியூபாவுக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

வக்கீல் வேலையில் மனசு ஒட்டவில்லை. வண்ணத்துப்பூச்சி, நத்தை, மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்கவும் வரையவும் ஆரம்பித்தார். கியூபாவில் இதற்கு முன்னோடியே இல்லை என்று சொல்ல முடியாது. 1787-லேயே அன்டோனியோ பார்ரா என்பவர் ஹவானாவில் மீன் படங்களோடு ஒரு புத்தகம் போட்டிருந்தார். ஆனா அதற்குப் பிறகு பெரிய இடைவெளி. சுற்றிலும் கடல், அந்தக் கடலில் என்னென்ன மீன் இருக்கிறது என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை.

பீப்பாய்க்குள்ள 35 வகை மீன்

1820-களின் நடுவில் மனைவியோடு பாரிஸுக்குக் கப்பல் ஏறினார். லக்கேஜில் இரண்டு முக்கியமான பொருள்கள். ஒன்று, கியூபா மீன்களை அவரே வரைந்த 85 படங்கள். இன்னொன்று, ஒரு பீப்பாய். அது நிறைய பிராந்தி. பிராந்திக்குள் 35 வகை மீன்கள்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனா அன்றைக்கு ஐஸ் பெட்டி கிடையாது, ஃபார்மலின் புழக்கத்தில் இல்லை. மீனை அழுகாமல் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோக சாராயம்தான் ஒரே வழி.

பாரிஸில் அவர் போய் நின்றது சாதாரண இடத்தில் இல்லை. ஜார்ஜ் குவியே என்றால் அன்றைய ஐரோப்பாவில் உயிரியலின் உச்சப் பெயர். அவரும் அவருடைய சகா அஷீல் வலென்சியெனும் சேர்ந்து உலகத்தில் உள்ள எல்லா மீன்களையும் விவரிக்கும் ஒரு மாபெரும் நூல்வரிசையைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். 1828-ல் தொடங்கி 1849 வரை 22 பாகங்களாக வந்த வேலை அது. போயே கொண்டுவந்த படங்களும் மீன்களும் அந்த நூலுக்குள் போயின.

பாரிஸில் இருந்த வருடங்களில் அவர் சும்மா இல்லை. கியூபாவின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிப் படங்களோடு ஒரு நூல் கொண்டுவந்தார். 1832-ல் பிரெஞ்சுப் பூச்சியியல் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் காலனி நாடுகளுக்கு அறிவியலில் ஒரே ஒரு ரோல்தான் இருந்தது: பொருள் அனுப்புவது. செடி, பூச்சி, மீன், எலும்பு எல்லாம் கப்பலில் ஐரோப்பா போகும். பெயர் வைப்பது, வகைப்படுத்துவது, புத்தகம் போடுவது அங்கே இருப்பவர்கள் வேலை. குவியேவுக்கு மீன் சப்ளை செய்த ஆள் என்ற பெயரோடு போயேவின் கதையும் அங்கேயே முடிந்திருக்கலாம்.

பாரிஸை விட்டு வந்து என்ன செய்தார்?

1833-ல் கியூபா திரும்பினார். அதன் பிறகு நடந்தவற்றைத் தேதி வாரியாகப் பார்த்தாலே அவர் எதற்குத் திரும்பினார் என்று புரியும்.

முதலில் கியூபாவின் புவியியல் பற்றி ஒரு பாடப்புத்தகம் எழுதினார். 19 பதிப்புகள் கண்டது. தங்கள் தீவில் எந்த ஆறு எங்கே ஓடுகிறது என்று பல தலைமுறை மாணவர்கள் படித்தது அதில்தான்.

1839-ல் ஹவானாவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை நிறுவினார். 1842-ல் ஹவானா பல்கலைக்கழகத்தில் விலங்கியல், ஒப்பீட்டு உடற்கூறியல் துறைக்கு முதல் பேராசிரியர் ஆனார். 1861-ல் ஹவானாவில் அறிவியல் அகாடமி உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர்.

பொருள் அனுப்பும் ஊராக இருந்த ஹவானாவை, பெயர் வைக்கும் ஊராக மாற்றியது இந்த வேலைகள்தான்.

1851 முதல் கியூபாவின் இயற்கை வரலாறு பற்றிய தன் குறிப்புகளைப் பகுதி பகுதியாக ஹவானாவிலேயே அச்சிட ஆரம்பித்தார். அந்த நூலின் தலைப்பிலேயே ஒரு தகவல் இருக்கிறது. உள்ளே லத்தீன் சுருக்கமும் பிரெஞ்சுப் பகுதிகளும் சேர்த்திருப்பதாக அட்டையிலேயே அறிவித்துவிட்டார். உள்ளூர்க்காரர் ஸ்பானிஷில் படிக்கலாம், வெளியூர் விஞ்ஞானி லத்தீனிலோ பிரெஞ்சிலோ படிக்கலாம். ஹவானாவில் அச்சான புத்தகத்தைப் புரியவில்லை என்று சொல்லி யாரும் ஒதுக்க முடியாது.

மீன் மார்க்கெட்தான் லேப்

போயேவிடம் ஆராய்ச்சிக் கப்பல் இல்லை. ஆழ்கடல் வலை இல்லை. இருந்தது ஹவானா மீன் மார்க்கெட்.

யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல லேப் கிடைக்காது. தினமும் விடிகாலையில் பல படகுகளின் வலையும் தூண்டிலும் கொண்டுவருவதெல்லாம் ஒரே இடத்தில் வந்து கொட்டும். தரைக்குப் பக்கத்தில் வாழும் மீன், பவளப்பாறை மீன், நடுக்கடல் மீன் எல்லாம் கலந்து கிடக்கும். எந்த மீன் எந்த மாதத்தில் வரும், எது எந்த ஆழத்தில் கிடைக்கும் என்று சொல்ல மீனவர்களே பக்கத்தில் இருப்பார்கள். மீன் விற்றுப் போவதற்குள் அளவு எடுத்து, நிறம் மங்குவதற்குள் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சவால்.

பிடித்தவர்கள் சொல்லும் பெயரையும் தகவலையும் அவர் அலட்சியம் செய்ததில்லை. அதற்கு நல்ல உதாரணம் மீன் விஷம். கரீபியனில் சில மீன்களைச் சாப்பிட்டால் வாந்தி, மரத்துப்போவது, குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போன்ற உணர்வு எல்லாம் வரும். சிகுவாடெரா என்று பெயர். அந்தச் சொல்லே கியூபாக்காரர்கள் சிகுவா என்று அழைத்த ஒரு கடல் நத்தையிலிருந்து வந்தது. 1866-ல் போயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசிகளின் நச்சு, சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்குப் போய்ச் சேருவதுதான் காரணம் என்று நவீன அறிவியல் கண்டுபிடிக்க மேலும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. மார்க்கெட்டில் மீன் வாங்குபவனின் உயிர்ப் பிரச்சினை இது என்பது போயேவுக்கு அன்றே தெரிந்திருந்தது.

கடல் மட்டும் இல்லை. கியூபாவின் குகைகளுக்குள் இருக்கும் தண்ணீரில் பார்வையில்லாத மீன்கள் வாழ்கின்றன. அவற்றை முதன்முதலில் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். அவற்றில் ஒன்றுக்கு லூசிஃபூகா என்று பெயர் வைத்தார். வெளிச்சத்தை விட்டு ஓடுவது என்று பொருள்.

வீட்டிலும் இதே வாசனைதான். மகன் ஆன்ட்ரெஸ் போயே வானிலை ஆய்வாளர் ஆனார். 1493-லிருந்து 1855 வரை மேற்கிந்தியத் தீவுகளையும் வட அட்லாண்டிக்கையும் தாக்கிய 400 சூறாவளிகளைப் பட்டியல் போட்டார். அப்பா மீனை எண்ணினார், மகன் புயலை எண்ணினார்.

நம்ம ஊர் கிணற்றில் அவர் வைத்த பெயர்

கொசு ஒழிப்பு என்றால் நம்ம ஊரில் கேள்விப்படும் பெயர் ஒன்று இருக்கிறது: கம்பூசியா மீன். கிணறு, குளம், தேங்கிய நீர்நிலைகளில் கொசுப் புழுவைத் தின்பதற்காக உள்ளாட்சி ஊழியர்கள் கொண்டுவந்து விடும் விரல் அளவு மீன்.

அந்த கம்பூசியா என்ற பேரினப் பெயரை 1854-ல் வைத்தவர் ஃபெலிப்பே போயே. நம்ம ஊருக்கு வந்தது அமெரிக்காவைச் சேர்ந்த அதன் உறவு இனம். ஆனா குடும்பப் பெயர் ஹவானாவில் வைத்ததுதான்.

பெயருக்குப் பின்னால் ஒரு ஜோக்கும் இருக்கிறது. கியூபா பேச்சு வழக்கில் கம்பூசினோ என்றால் ஒன்றுமில்லாதது, உருப்படாதது. மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்புபவரிடம், கம்பூசினோ பிடிக்கப் போனியா என்கிற மாதிரி கிண்டல் செய்வார்கள். சாப்பாட்டுக்கும் ஆகாத, விலைக்கும் போகாத அந்தப் பொடி மீனுக்கு அந்தக் கிண்டலையே அறிவியல் பெயராக மாற்றிவிட்டார் போயே. உருப்படாதது என்று பெயர் வாங்கிய மீன்தான் பின்னாளில் கொசு ஒழிப்புக்காக உலகம் சுற்றியது. அப்படிப் போன இடங்களில் உள்ளூர் மீன்களுக்கு அது தொல்லையாக மாறியது தனிக்கதை.

1861: சுறா பெயர் வாங்கிய கதை

இப்போது சுறாவுக்கு வருவோம்.

வெண்நுனிச் சுறாவை முதலில் எழுதி வைத்தவர் போயே இல்லை. 1822-லிருந்து 1825 வரை கோக்கி என்ற பிரெஞ்சுக் கப்பல் உலகைச் சுற்றியது. அதில் போனவர் ரெனே லெசோன் என்ற மருத்துவர், இயற்கை ஆய்வாளர். பசிபிக்கின் துவாமோட்டு தீவுக்கூட்டத்தில் இந்தச் சுறாவைப் பார்த்தார். தீவு மக்கள் சுறாவுக்குச் சொன்ன சொல்லையே எடுத்து, மாவூ என்று பெயர் வைத்து 1831-ல் வெளியிட்டார்.

ஆனா அந்தப் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே மறந்துபோனது.

30 வருடம் கழித்து, உலகின் இன்னொரு மூலையில், இன்னொரு தீவுக் கடலில் போயே இதே சுறாவை ஆராய்ந்தார். 1861-ல் ஸ்குவாலஸ் லாங்கிமானஸ் என்ற பெயரில் விவரித்தார். அன்றைக்கு நிறைய சுறாக்களை ஸ்குவாலஸ் என்ற ஒரே கூடைக்குள்தான் போடுவார்கள். பின்னாளில் பேரினப் பெயர் கார்கரைனஸ் என்று மாறியது. லாங்கிமானஸ் மாறவில்லை.

இன்று எந்த அறிவியல் பட்டியலைப் பார்த்தாலும் சுறா பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போயே, 1861 என்று இருக்கும். அந்த அடைப்புக்குறிக்கும் அர்த்தம் உண்டு. இனப் பெயரைக் கொடுத்தவர் இவர், ஆனா அவர் வைத்த பேரினத்திலிருந்து இப்போது வேறு பேரினத்துக்கு மாற்றியாச்சு என்பதைக் காட்டும் குறி அது.

விதிப்படி பார்த்தால் முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. ஆனா நீண்ட காலமாக எல்லோரும் ஒரே பெயரைப் பயன்படுத்தி வரும்போது, மறந்துபோன பழைய பெயரைத் தோண்டி எடுத்துக் குழப்பக்கூடாது என்பதற்கும் விலங்கியல் பெயரிடும் விதிகளில் இடம் உண்டு. அதனால் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் போய், ஹவானாக்காரர் வைத்த பெயர் நின்றது.

இது ஒன்றோடு முடியவில்லை. 1868-ல் லெமன் சுறா, நைட் ஷார்க் எனப்படும் இரவுச் சுறா. 1876-ல் கரீபியன் பவளப்பாறைச் சுறா. இந்த இனங்களையும் முதலில் விவரித்தவர் போயேதான். இன்று பஹாமாஸுக்கு டைவிங் போகிறவர்கள் எடுத்துவரும் சுறா வீடியோக்களில் பாதிக்கு மேல் தெரிவது இவர் பெயர் சொல்லும் சுறாக்களாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சுற்றிலும் போர், கையில் மீன்

இத்தனையும் நடந்தது அமைதியான காலத்தில் இல்லை. 1868-ல் ஸ்பெயினுக்கு எதிராகக் கியூபாவில் முதல் விடுதலைப் போர் வெடித்து, பத்து வருடம் ஓடியது. 1871 நவம்பரில், அவர் பாடம் நடத்திய அதே ஹவானா பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் எட்டுப் பேரை, ஸ்பானிய ஆதரவாளர் ஒருவரின் கல்லறையைச் சேதப்படுத்தினார்கள் என்ற பொய்க் குற்றச்சாட்டில் சுட்டுக்கொன்றார்கள். கியூபாவில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1886-ல்தான். ஸ்பெயின் வெளியேறியது 1898-ல். அதைப் பார்க்க போயே உயிரோடு இல்லை.

அவருடைய மாதிரிகளும் குறிப்புகளும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனுக்கும் ஹார்வர்டு அருங்காட்சியகத்துக்கும் போயின. அங்கிருந்த விஞ்ஞானிகள் அவரைச் சப்ளையராகப் பார்க்கவில்லை, சக விஞ்ஞானியாகத்தான் பார்த்தார்கள். 1880-களில் டேவிட் ஸ்டார் ஜோர்டான் என்ற அமெரிக்க மீனியலாளர் ஹவானா வந்தார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆனவர் இவர்தான். 80 வயதைத் தாண்டியும் மீனோடு உட்கார்ந்திருந்த போயேவைச் சந்தித்துவிட்டுப் போய், 1884-ல் அவரைப் பற்றி அமெரிக்க இதழ் ஒன்றில் மதிப்போடு ஒரு கட்டுரை எழுதினார்.

அச்சு ஏறாத பெரிய புத்தகம்

போயேவின் வாழ்நாள் வேலை ஒன்று இருந்தது. கியூபா மீனியல். கியூபா கடலிலும் ஆற்றிலும் உள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் விவரமும் படமும் கொண்ட பிரம்மாண்டமான கையெழுத்துப் பிரதி. பல பாகம் எழுத்து, பல பாகம் படங்கள்.

ஸ்பெயின் அரசு அதை வாங்கியது. 1883-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேசக் காலனியக் கண்காட்சியில் வைத்தது. பரிசும் கிடைத்தது. காலனிகளிலிருந்து வந்த பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் விழா அது. அதில் ஒரு காலனிக்காரரின் மூளை உழைப்பு, ஆளும் நாட்டின் பெருமையாக மேசை மேல் உட்கார்ந்திருந்தது.

பரிசு வாங்கிய பிரதி அச்சுக்குப் போகவில்லை. மாட்ரிட்டில் அருங்காட்சியகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. 1891 ஜனவரி 28-ம் தேதி, 91 வயதில், ஹவானாவில் போயே காலமானார். அதுவரையிலும் அந்தப் புத்தகம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

முழு நூல் கடைசியில் அச்சானது 2000-ல். கண்காட்சி முடிந்து 117 வருடம் கழித்து. அந்த வேலையை முன்னின்று செய்தவர் தாரியோ கிட்டார்ட் மன்டாய் என்ற கியூப விஞ்ஞானி. அவருக்கும் சுறாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1966-ல் நீளத் துடுப்பு மாகோ என்ற இன்னொரு பெருங்கடல் சுறாவுக்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் அவர்தான். போயே ஆரம்பித்து வைத்த வரிசையில் வந்த ஆள், போயேவின் புத்தகத்தைக் கரை சேர்த்தார்.

அந்தச் சுறா இப்போது எங்கே?

போயே காலத்திலும் அதற்குப் பிறகும், நீலக் கடலில் வெண்நுனிச் சுறா சர்வ சாதாரணம். கியூப மீனவர்களிடம் இதற்கு கலானோ என்று தனிப் பெயரே உண்டு. 1952-ல் வெளியான ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' நாவலைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கிழவர் பிடித்த பெரிய மீனைக் குதற, வெள்ளை நுனி கொண்ட அகன்ற துடுப்புகளோடு வரும் சுறாக்களை ஹெமிங்வே அந்தப் பெயரில்தான் அழைக்கிறார். சுமார் அரை நூற்றாண்டுக்கு முன்புகூட, 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்குகளில் பூமியிலேயே அதிக எண்ணிக்கையில் இருப்பது இதுவாக இருக்கலாம் என்று நிபுணர்கள் எழுதினார்கள்.

அதன் பிறகு நிலைமை தலைகீழ். சூரை மீனுக்காகக் கடலில் மைல் கணக்கில் விடும் நீளத் தூண்டில்களில் இது தானாக வந்து மாட்டும். எதையும் நெருங்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே அதற்கே எமன் ஆனது. மாட்டிய பிறகு திரும்பக் கடலில் விட யாருக்கும் மனசு வராது. காரணம் அந்த நீளக் கைகள். சுறாத் துடுப்பு சூப்புக்கான சந்தையில் இதன் பெரிய துடுப்புக்கு நல்ல விலை. ஒரு ஈற்றில் 15-க்கு மேல் குட்டி போடாத விலங்கு, இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது.

எந்த உறுப்பைப் பார்த்து போயே பெயர் வைத்தாரோ, அதற்காகவே அது வேட்டையானது.

2004-ல் வந்த ஒரு ஆய்வு, மெக்சிகோ வளைகுடாவில் இந்தச் சுறா 1950-களிலிருந்து 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. அந்தக் கணக்கு முறையைச் சில விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. சரிவு உண்டு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. 2013-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. 2019-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற மிக மோசமான நிலைக்கு இதை மாற்றியது. இதற்கு அடுத்த படி, காட்டிலோ கடலிலோ இல்லாமல் போவதுதான்.

இந்தியப் பெருங்கடலிலும் கதை வேறு இல்லை. இங்கே சூரைப் படகுகள் இந்தச் சுறாவைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பிராந்திய சூரை மீன் ஆணையம் 2013-ல் தீர்மானம் கொண்டுவந்தது.

ஒரு பட்டியலால் என்ன லாபம்?

மீனுக்குப் பெயர் வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கலாம். தடை, ஒப்பந்தம், சிவப்புப் பட்டியல் எதுவாக இருந்தாலும் அதன் முதல் வரியில் ஒரு அறிவியல் பெயர் இருக்கும். துறைமுகத்தில் இறங்கும் துடுப்பு எந்தச் சுறாவுடையது என்று ஒரு அதிகாரி முடிவு செய்வதற்கு, அந்தச் சுறா மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று முதலில் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். வட்டமான துடுப்பு, வெள்ளை நுனி, நீளமான கை. இன்றைக்கும் சுங்க அதிகாரிகளுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் அடையாளங்கள் கிட்டத்தட்ட இவைதான்.

கியூபா 2015-ல் சுறா பாதுகாப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அந்த நாட்டுக் கடலில் என்னென்ன சுறா இருந்தது என்ற கணக்கை முதலில் ஒழுங்காகத் தொடங்கி வைத்தது, பிராந்திப் பீப்பாயோடு கப்பல் ஏறிய அந்த வக்கீல். ஹவானா பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் உள்ள மியூசியத்துக்கு இன்றும் மாணவர்கள் போய்வருகிறார்கள். அவர் பார்த்த நீளக் கை சுறாவைக் கடலிலேயே பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஒரு பார்வையில் ஃபெலிப்பே போயே

- 1799: ஹவானாவில் பிறப்பு
- 1823: ஸ்பெயினிலிருந்து கியூபா திரும்பினார்
- 1832: பிரெஞ்சுப் பூச்சியியல் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர்
- 1839: ஹவானாவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்
- 1842: ஹவானா பல்கலைக்கழகத்தின் முதல் விலங்கியல் பேராசிரியர்
- 1854: கம்பூசியா என்ற பெயர்
- 1861: வெண்நுனிச் சுறாவுக்கு லாங்கிமானஸ் என்ற பெயர்
- 1883: கியூபா மீனியல் கையெழுத்துப் பிரதிக்கு ஆம்ஸ்டர்டாமில் பரிசு
- 1891: ஹவானாவில் மறைவு
- 2000: கியூபா மீனியல் முழு நூலாக அச்சானது